நிற்றலும் ஓடுதலும்: கிறிஸ்தவத் துறவு மரபில் இறைத்தேடல்

கடவுளைத் தேடுவது பற்றி விவிலியம் இரண்டு விதமாகப் பேசுகிறது. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு, தேடுகிறவர் எவரும் கண்டடைவார் என்று உறுதி கூறுகிறது. 105ஆம் திருப்பாடலோ ஆண்டவருடைய முகத்தை எந்நாளும் தேடிக்கொண்டே இருக்கும்படி ஏவுகிறது. கண்டடைந்த பின்னும் தேட வேண்டுமென்றால் கண்டது என்ன என்ற கேள்வியும், ஒருநாளும் கண்டு முடிக்க இயலாதென்றால் அந்த உறுதிமொழிக்கு என்ன பொருள் என்ற கேள்வியும் இவற்றுக்கிடையே எழுகின்றன. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தினார் (354–430), கடவுள் ஒருவராகவும் தந்தை, மகன், தூய ஆவி என மூவராகவும் இருப்பதை ஆராயும் தம் 'திரித்துவம்' நூலின் கடைசிப் புத்தகத்தை இந்த முரணைக் கையிலெடுத்துக்கொண்டே தொடங்குகிறார். அறிவின் பிடிக்கு அடங்காத ஒன்றைத் தேடுபவர், அது அடங்காதது என்று உணர்ந்துகொள்வதே ஒருவகையில் அதைக் கண்டடைவதுதான் என்றும், அவ்வாறு கண்டவரிடம் தேடும் ஆர்வம் தணியாமல் மேலும் வளர்கிறது என்றும் அவர் விடை காண்கிறார்.

வாழ்நாள் முழுவதும் நீளும் ஆன்மிகத் தேடல் என்றதும், ஊர் ஊராகவும் குரு குருவாகவும் அலைந்து திரியும் ஒருவரின் உருவமே இன்று பலருக்கு நினைவில் எழுகிறது. கிறிஸ்தவத் துறவு மரபின் முதன்மையான நூல்கள் காட்டும் தேடுபவரோ பெரும்பாலும் ஓரிடத்தைவிட்டு நகராதவர். அவருடைய பயணத்தின் நீளத்தை அவர் கடந்த தொலைவால் அளக்க முடியாது, ஒரே அறையில் அவர் தாங்கிக்கொண்ட ஆண்டுகளால்தான் அளக்க முடியும். நிலைத்து நிற்பதும் முன்னோக்கி ஓடுவதும் ஒரே செயலின் இரு பெயர்கள் என்ற இந்தக் கருத்துக்கு நான்காம் நூற்றாண்டில் சிந்தனை வடிவம் கிடைத்தது. ஆறாம் நூற்றாண்டில் அன்றாட நடைமுறை வடிவம் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் அது கடுமையான சோதனைக்கு உள்ளானது.

சிந்தனை வடிவத்தைக் கொடுத்தவர் நீசா நகரக் கிரகோரியார் (சுமார் 335–395). இன்றைய துருக்கியின் நடுப்பகுதியான கப்பதோக்கியாவில் பிறந்த இவர், செசரியா ஆயர் பசிலியாரின் தம்பி. இவருடைய இறையியல், தியானத்தின் அமைதியில் பிறந்ததைவிட ஒரு சண்டையின் சூட்டில் பிறந்தது என்று சொல்வதே பொருந்தும். எவுனோமியு என்ற ஆயர், கடவுளின் இயல்பைப் 'பிறவாதவர்' என்ற ஒரே சொல்லால் முழுமையாக வரையறுத்துவிடலாம் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். தந்தை பிறவாதவர், மகன் தந்தையிடமிருந்து பிறந்தவர், ஆகவே மகன் கடவுளின் இயல்பு உடையவர் அல்ல என்பது அந்த வாதத்தின் முடிவு. அண்ணன் பசிலியார் தொடங்கிய மறுப்பை அவர் இறந்த பிறகு கிரகோரியார் கையேற்று, பல புத்தகங்களாக விரித்து எழுதினார். கடவுளுக்கு எல்லை இல்லை, எல்லை இல்லாத ஒன்றை எந்தச் சொல்லும் வளைத்துப் பிடிக்க முடியாது என்பதே அவருடைய பதிலின் மையம்.

எல்லையின்மை பற்றிய இந்த வாதத்தை அவர் தம் முதுமையில் எழுதிய 'மோசேயின் வாழ்க்கை' என்ற நூலில் ஆன்மிக வாழ்வின் மீது பொருத்திப் பார்த்தார். நிறைவாழ்வு என்றால் என்ன என்று கேட்ட ஒருவருக்குப் பதிலாக அமைந்த அந்நூல் இரு பகுதிகள் கொண்டது: முதலில் மோசேயின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஆன்மாவின் வளர்ச்சிப் படியாக விளக்குகிறது. எந்தப் பொருளுக்கும் எல்லை வகுப்பது அதன் எதிர்ப்பொருள்தான், வாழ்வுக்குச் சாவும் ஒளிக்கு இருளும் எல்லையாவது போல. நன்மையே உருவான கடவுளிடத்தில் தீமைக்கு இடமில்லாததால் அந்த நன்மைக்கு எல்லையே கிடையாது. எல்லை இல்லாததில் பங்குபெற விரும்பும் மனத்தின் விருப்பத்துக்கும் அதனால் நிற்குமிடம் என்று ஒன்று இருக்க முடியாது. இப்படிப் படிப்படியாக நகரும் தர்க்கத்தின் முடிவில், மனிதருக்கு இயன்ற நிறைவு என்பது இடையறாத வளர்ச்சியே என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார்.

இதில் எத்தகைய துணிச்சல் இருந்தது என்பது, அவருக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். கிரேக்க மெய்யியல் மரபில் எல்லையற்றது என்றால் வடிவமற்றது, குறையுடையது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. நிறைவானது எதுவோ அது எல்லையும் வடிவமும் உடையதாகவே இருக்க வேண்டும். மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞரான ஓரிகன், ஆன்மாக்கள் தொடக்கத்தில் கடவுளைக் கண்டு மகிழ்ந்திருந்தன என்றும், அந்த மகிழ்ச்சி தெவிட்டிப்போனதால் அங்கிருந்து சரிந்தன என்றும் கருதினார். கடவுளைக் காண்பதும் சலிக்கக்கூடும் என்றால் எந்த மீட்பும் நிலையானதாக இராது. மீண்டும் சலிக்கும், மீண்டும் சரிய நேரும். கடவுள் எல்லையற்றவர் என்பதால் அவரிடத்தில் தெவிட்டல் நேரவே முடியாது என்று காட்டியதன் மூலம் கிரகோரியார் இந்தச் சுழற்சியை அறுத்தார். மாறுவது என்பதே குறை என்று எண்ணிய ஓர் அறிவுலகில், நன்மையை நோக்கி மாறிக்கொண்டே இருப்பதே படைப்புயிரின் மாண்பு என்று சொன்னதை அவருடைய மிகப் பெரிய பங்களிப்பாகக் கொள்ளலாம். பந்தயத்தில் ஓடுபவர் முன்னே உள்ளதை எட்டிப் பிடிக்க உடலை நீட்டி விரைவது போலத் தாமும் விரைவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலில் கூறுவதிலிருந்து எடுத்து, ஆய்வாளர்கள் இக்கொள்கையை 'எபெக்தாசிஸ்', அதாவது முடிவில்லா முன்னீட்சி என்று அழைக்கின்றனர்.

நூலின் உச்சம் விடுதலைப் பயணம் 33ஆம் அதிகாரத்துக்கான விளக்கத்தில் வருகிறது. எரியும் முட்புதரில் ஒளியையும், பிறகு மேகத்தையும், அதன்பின் சீனாய் மலையில் காரிருளையும் கண்டு, ஒரு நண்பனோடு பேசுவது போலக் கடவுளோடு பேசியவர் மோசே. அப்படிப்பட்டவர் இன்னும் ஒன்றையும் காணாதவரைப் போல, உமது மாட்சியைக் காட்டும் என்று கேட்கிறார். முகத்தைக் காண முடியாது என்று சொல்லும் கடவுள், அவரைப் பாறையின் பிளவில் நிறுத்தித் தம் முதுகை மட்டும் காட்டுகிறார். இந்த விசித்திரமான காட்சியைக் கிரகோரியார் விளக்கும் விதம் எளிமையானது, ஆனால் எளிதில் மறக்க முடியாதது: ஒருவரைப் பின்தொடர்கிறவர் காண்பது அவருடைய முதுகைத்தான், முகத்துக்கு நேர் முகமாக நிற்பவர் எதிர்த்திசையில் வருகிறார் என்று பொருள். எனவே கடவுளைக் காண்பது என்பது அவரைப் பின்தொடர்வதுதான்.

அதே இடத்தில்தான் இக்கட்டுரையின் தலைப்புக்கு உரிய கருத்தும் வருகிறது. பாறையின் மேல் நிற்கச் சொன்ன கடவுள்தான் ஓட்டத்தையும் தருகிறார் என்பதைக் கவனிக்கும் கிரகோரியார், நிற்பதும் நகர்வதும் ஒன்றாவதை எல்லாவற்றிலும் பெரிய வியப்பாகச் சுட்டுகிறார். மணல்மேட்டில் ஏறுபவர் எவ்வளவு அகலமாகக் கால் எடுத்து வைத்தாலும் காலடி மணல் சரிந்துகொண்டே இருப்பதால் உழைப்பு மிஞ்சுமே தவிர உயரம் கூடுவதில்லை. பாறையில் ஊன்றி நிற்பவருக்கு அந்த ஊன்றுதலே சிறகாகிறது என்பது அவருடைய வாதம். தேடல் என்ற பெயரில் நடக்கும் அலைச்சலையும் மெய்யான முன்னேற்றத்தையும் பிரித்துக் காட்டும் இந்த அளவுகோல், பின்னால் வந்த துறவுச் சட்டங்கள் அனைத்துக்கும் சொல்லப்படாத அடிப்படை என்று கூறினால் மிகையாகாது.

கிரகோரியாரின் தேடல் கொள்கைக்கு ஒரு மனித முகமும் உண்டு. அது அவருடைய அக்காள் மக்ரீனாவின் முகம். பொந்துப் பகுதியில் ஈரிஸ் ஆற்றங்கரையிலிருந்த குடும்பப் பண்ணையில் பெண் துறவியரை ஒன்றுசேர்த்து வாழ்ந்த மக்ரீனா 379ஆம் ஆண்டளவில் இறந்தபோது கிரகோரியார் அருகிலிருந்தார். அந்த மாலைப்பொழுதை அவர் பின்னர் எழுதிவைத்தார். தரையில் விரித்த பலகையே படுக்கை. அது கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. பேச்சுத் தளர்ந்த பின்னும் உதடுகளின் அசைவிலிருந்து அவர் மன்றாடுவது தெரிந்தது. பொழுது சாய்ந்து விளக்கு கொண்டுவரப்பட்டதும் கண்களைத் திறந்து அந்த ஒளியைப் பார்த்தார், விளக்கேற்றும் வேளைக்குரிய நன்றிப் பாடலைச் சொல்ல விரும்பினார், குரல் வரவில்லை. கையையும் உதடுகளையும் அசைத்தே அதைச் சொல்லி முடித்தார். வாழ்நாளெல்லாம் குறித்த நேரத்தில் செய்துவந்த ஒரு வழிபாட்டைக் கடைசி மூச்சுக்கு முன்னும் அதே நேரத்தில் செய்த இந்தப் பெண்மணியைக் கிரகோரியார் தம் ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறார். அவருடைய நூல்களைத் தத்துவமாக மட்டும் படிப்போர் இந்தப் பலகைப் படுக்கையைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

இதே காலத்தில் எகிப்தின் பாலைநிலத்தில் படிப்பறிவு குறைந்த உழவர்கள் பலர் இதே உண்மையை வேறு வழியில் கண்டுகொண்டிருந்தனர். துறவியரின் தந்தை எனப்படும் வனத்து அந்தோணியார் (சுமார் 251–356), தாம் துறவு பூண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிடாமல் ஒவ்வொரு நாளையும் முதல் நாளாகவே தொடங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் குறிப்பிடுகிறார். கிரகோரியாருக்கு அடித்தளமான அதே பிலிப்பியர் மடற்பகுதிதான் அங்கும் எடுத்தாளப்படுகிறது. பாலைநிலத் தந்தையரின் மொழிகளைத் தொகுத்த நூல்களில் சிசோயே என்ற முதியவரின் சாவு பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. மரணப் படுக்கையில் மனம் வருந்தித் திருந்துவதற்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டுமென்று அவர் கேட்கிறார். உமக்கு அது தேவையில்லையே என்று சுற்றியிருந்த மூப்பர்கள் சொன்னபோது, தாம் அதைத் தொடங்கியதாகவே தமக்குத் தெரியவில்லை என்று பதில் சொல்கிறார். இதைப் பணிவின் மிகைப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. கிரகோரியாரைப் படித்த கண்ணோடு பார்த்தால், எல்லையற்ற ஒன்றை நோக்கி நடந்தவர் தாம் கடந்த தொலைவைப் பற்றிச் சொல்லக்கூடிய துல்லியமான சொல் அதுவே என்று தோன்றும்.

நிலைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பாலைநிலத்தில் மிக நுட்பமாக எழுதியவர் எவாக்ரியு (சுமார் 345–399). கான்ஸ்டாண்டிநோபிள் நகரத் திருத்தொண்டராக இருந்து எகிப்துக்குத் துறவியாகச் சென்ற இவர், ஆன்மிகச் சலிப்பை 'அக்கேதியா' என்ற பெயரில் ஆராய்ந்தார். இருக்கும் இடத்திலும் செய்யும் வேலையிலும் மனம் ஒட்டாமல் சோர்ந்துபோகும் நிலை இது. இதை நண்பகலின் பேய் என்று அழைக்கும் அவர், அது வந்து பற்றும் துறவியின் நடத்தையை ஒரு மருத்துவர் நோய்க்குறிகளைப் பட்டியலிடுவது போல விவரிக்கிறார். கதிரவன் நகராமல் நின்றுவிட்டதாகத் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதாகத் தோன்றும். துறவி ஓயாமல் சாளரத்தைப் பார்ப்பார், வெளியே வந்து உணவு வேளையான ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு பொழுது இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று இப்புறமும் அப்புறமும் நோக்குவார். பிறகு அந்த இடத்தின் மீதும் கைவேலையின் மீதும் வெறுப்பு வரும். கடைசியில் பேய் ஓர் அழகான இறையியல் வாதத்தை முன்வைக்கும்: கடவுளுக்கு உகந்தவராவதற்கு இந்த இடம்தான் வேண்டுமென்பதில்லை, அவரை எங்கும் வழிபடலாம் அல்லவா? வாதம் தன்னளவில் உண்மையானது என்பதில்தான் அதன் நச்சு இருக்கிறது. இடம் மாறத் தூண்டும் எண்ணம் பெரும்பாலும் தேடலின் வேடத்திலேயே வருகிறது என்பதை எவாக்ரியு அளவுக்குத் தெளிவாகக் கண்டவர் அரிது.

அன்றாட நடைமுறை வடிவத்தைத் தந்தவர், தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கும் பெனடிக்ட் (சுமார் 480–547). இத்தாலியின் மோந்தே கசீனோ மலையில் ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர் தம் துறவியருக்காக எழுதிய சட்டநூல் 73 சிறு அதிகாரங்கள் கொண்டது. அதன் 58ஆம் அதிகாரம் புதிதாக வருபவரைச் சேர்ப்பது பற்றியது. வந்தவரை உடனே உள்ளே விடுவதில்லை; நான்கைந்து நாள்கள் கதவைத் தட்டிக்கொண்டே நின்று, கடுஞ்சொற்களைப் பொறுத்துக்கொண்டால் விருந்தினர் அறையில் இடம் கிடைக்கும்; அதன்பின் நவதுறவியர் தங்குமிடத்துக்கு மாற்றப்படுவார். அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு மூத்த துறவி அமர்த்தப்படுகிறார். வந்தவர் உண்மையிலேயே கடவுளைத் தேடுகிறாரா என்று பார்ப்பதே அந்த மூத்தவரின் முதல் வேலை.

இந்த வினாவுக்கு அடுத்தபடியாகச் சட்டநூல் கூறும் அடையாளங்கள் நம் காலத்தின் எதிர்பார்ப்புக்கு முற்றிலும் மாறானவை. வந்தவருக்கு என்ன காட்சிகள் கிடைத்தன, உள்ளத்தில் என்ன அனுபவம் நேர்ந்தது என்று பெனடிக்ட் கேட்கவில்லை. குறித்த நேர வழிபாட்டில் ஆர்வம் உள்ளதா, கீழ்ப்படியவும் தாழ்மைப்படவும் மனம் உள்ளதா என்பனவற்றையே கேட்கிறார். இரண்டு மாதம் கழித்து முழுச் சட்டநூலும் அவருக்கு வாசித்துக் காட்டப்படுகிறது; இந்தச் சட்டத்தைக் கடைப்பிடிக்க முடியுமானால் உள்ளே வாரும், முடியாதெனில் தாராளமாகப் போகலாம் என்று சொல்லப்படுகிறது. ஆறு மாதம் கழித்து மறுபடியும், அதற்கு நான்கு மாதம் கழித்து மூன்றாம் முறையும் வாசிப்பு. இப்படி ஓராண்டு கடந்த பிறகே அவர் நிலைத்திருத்தல், துறவு ஒழுக்கத்தில் வாழ்தல், கீழ்ப்படிதல் ஆகியவற்றுக்கு வார்த்தைப்பாடு கொடுத்து, அதைத் தம் கையால் எழுதிப் பீடத்தின் மேல் வைக்கிறார். அவர் அணிந்திருந்த பழைய உடைகளைக் களைந்து மடத்தின் துணியறையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். என்றாவது வெளியேற முடிவு செய்தால் அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. எழுதிக்கொடுத்த வார்த்தைப்பாட்டை மட்டும் திருப்பிக் கொடுப்பதில்லை. மனிதர் உறுதி குலைவதற்கான இடத்தையும் விட்டுவைத்து, அந்த உறுதியின் எடையையும் குறைக்காத இந்த ஏற்பாடு பெனடிக்டின் நடைமுறை அறிவுக்கு நல்ல சான்று.

சட்டநூலின் முதல் அதிகாரத்திலேயே, மடம் மடமாகச் சென்று மூன்று நான்கு நாள்கள் விருந்தினராகத் தங்கி அடுத்த ஊருக்குக் கிளம்பும் அலைந்துதிரி துறவியரை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அவருடைய மடத்தில் தேடல் என்பது கால அட்டவணையாக உருமாறுகிறது: இரவில் ஒரு முறையும் பகலில் ஏழு முறையும் பொது வழிபாடு, இடையில் கைவேலை, இடையில் மறைநூலை மெதுவாக வாய்விட்டு அசைபோட்டுப் படிக்கும் இறைவாசிப்பு. வாரத்துக்கு 150 திருப்பாடல்களும் முடிந்தாக வேண்டும். முன்னோர் ஒரே நாளில் முடித்ததை மந்தமான நாம் ஒரு வாரத்திலாவது முடிப்போம் என்ற பொருளில் ஒரு குத்தலும் உண்டு. ஐம்பது ஆண்டுகள் மடத்தில் வாழ்ந்த ஒருவர் 'அவர் முகத்தைத் தேடுங்கள்' என்ற பொருளுடைய அடியை ஏறத்தாழ 2,600 முறை வாய்விட்டுச் சொல்லியிருப்பார் என்று கணக்கிட்டால், தேடல் என்ற சொல் அங்கே எந்த வகையான எடையைப் பெற்றது என்பது புரியும். இத்தனைக்கும் பிறகு நூலின் கடைசி அதிகாரம், இந்தச் சட்டம் தொடக்க நிலையினருக்காக எழுதப்பட்டது என்று அறிவித்து முடிகிறது.

இந்தத் தேடல் மரபிலிருந்து ஐரோப்பாவின் நூலகங்களும் பள்ளிகளும் இசைமரபும் எப்படி வளர்ந்தன என்பதைப் பெனடிக்ட் சபைத் துறவி ழான் லெக்லெர்க் 1957இல் வெளியான தம் ஆய்வில் விரிவாகக் காட்டினார்; துறவியர் பண்பாட்டை வளர்க்கும் திட்டத்தோடு மடங்களை அமைக்கவில்லை, கடவுளைத் தேடுவதற்குச் சொல் தேவைப்பட்டதால் சொல்லைக் காத்தார்கள் என்ற கருத்தைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2008 செப்டம்பரில் பாரிஸ் நகரில் ஆற்றிய உரையில் மீண்டும் முன்வைத்தார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்நார்து (1090–1153) இந்த மரபுக்கு ஒரு வினோதமான நினைவுச்சின்னத்தை விட்டுச் சென்றார். தலைவனையும் தலைவியையும் பாடும் இனிமைமிகு பாடல் என்ற விவிலிய நூலைக் கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் இடையேயான காதலாக விளக்கி 1135இல் அவர் மறையுரைகளைத் தொடங்கினார். பதினெட்டு ஆண்டுகளில் 86 மறையுரைகள் ஆயின. ஆனால் எட்டு அதிகாரம் கொண்ட அந்நூலின் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தைத்தான் அவர் எட்டியிருந்தார். தலைவி இரவில் தன் படுக்கையில் தலைவனைத் தேடுவதைச் சொல்லும் அந்த அடியை விளக்கும் கட்டத்திலேயே அவர் இறந்தார். கடவுளைத் தேடும் ஒருவர் ஏற்கெனவே அவரால் தேடப்பட்டவராக இல்லாவிட்டால் தேடவே தொடங்கியிருக்க மாட்டார் என்று 84ஆம் மறையுரை வாதிடுகிறது. தேடலைத் தன் சாதனையாகக் கருதும் ஆன்மிகப் பெருமிதத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு இல்லை. இங்கிலாந்தின் ஹோய்லண்டு கில்பர்ட் அந்த விளக்கத்தைத் தொடர்ந்து ஐந்தாம் அதிகாரத்தில் இறந்தார். ஃபோர்டு மடத்தின் ஜான் மேலும் 120 மறையுரைகள் எழுதி முடித்தபோது பதின்மூன்றாம் நூற்றாண்டு பிறந்துவிட்டிருந்தது. நிலைத்திருத்தலைப் போதித்த பெர்நார்தே தம் வாழ்வின் பெரும்பகுதியைப் பயணங்களிலும், 1146இல் இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டுவதிலும் கழித்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இந்த ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு படிமமும் கிறிஸ்தவத்தில் உண்டு. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையில் பயணி அழிவின் நகரைவிட்டுப் புறப்பட்டு விண்ணக நகரை அடைகிறான்; அதைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்து, தமிழ்ச் சீர்திருத்தச் சபையினரிடையே ஆன்மிகப் பயணம் என்பதன் உருவத்தையே தீர்மானித்தது. அங்கே பாதைக்கு முடிவு உண்டு, வாயிலும் வரவேற்பும் உண்டு. கிரகோரியாரின் மோசேயோ வாக்களிக்கப்பட்ட நாட்டை மலையுச்சியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே நுழையாமலே இறக்கிறார். அவிலா நகரத் தெரேசா 1577இல் எழுதிய 'அகக் கோட்டை' இவ்விரண்டையும் ஒருவகையில் இணைக்கிறது: ஆன்மா ஏழு உறைவிடங்களைக் கடந்து நடு மாளிகையில் கடவுளோடு ஒன்றுபடுகிறது, ஆனால் அந்த ஒன்றிப்பின் நோக்கம் ஓய்வு என்று எண்ணிவிட வேண்டாம், அதிலிருந்து பிறக்க வேண்டியவை செயல்கள் என்று அவர் வற்புறுத்துகிறார். இருபது ஆண்டுகளில் பதினேழு மடங்களை நிறுவிய ஒருவர் இதைச் சொல்வதில் வியப்பில்லை.

இம்மரபு தமிழ் மண்ணைத் தொட்ட இடம் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள தண்ணீர்ப்பள்ளி. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த குருவான ழூல் மொன்ஷானேன் (1895–1957) 1939இல் இந்தியா வந்து திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தின் சிற்றூர்களில் பணியாற்றிவந்தார். பிரித்தானி கடலோரப் பகுதியில் பிறந்து, 1929 முதல் கெர்கொனான் பெனடிக்ட் மடத்தில் வாழ்ந்த ஆன்ரி லெ சோ (1910–1973) பல ஆண்டுகள் காத்திருந்து அனுமதி பெற்று 1948இல் அவரோடு சேர்ந்தார். 1950 மார்ச் 21 அன்று, அதாவது அன்றைய நாட்காட்டியில் புனித பெனடிக்ட் திருநாளன்று, இருவரும் சச்சிதானந்த ஆசிரமம் எனப்படும் சாந்திவனத்தைத் தொடங்கினர். காவியுடையும் மாமரத் தோப்பும் சைவ உணவும் இருந்தாலும், மறு ஆண்டு இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூல் அதை இந்தியப் பெனடிக்ட் ஆசிரமம் என்றே அடையாளப்படுத்தியது. கிரகோரியாரோடு இங்கே ஒரு மெய்யான தொடர்பும் உண்டு. மொன்ஷானேனின் நெருங்கிய நண்பரான இறையியலாளர் ஆன்ரி தெ லுபாக் உள்ளிட்ட லியோன் வட்டத்தினர்தான் பழங்காலத் திருச்சபைத் தந்தையரின் நூல்களை வெளியிடும் பெருந்தொடரைத் தொடங்கினர். அதன் முதல் நூலாக 1942இல் வந்தது ழான் தனியேலு பதிப்பித்த 'மோசேயின் வாழ்க்கை'.

ஆனால் ஆசிரமத்தில் இருவரும் ஒரே திசையில் தேடவில்லை. லெ சோ 1949இல் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டார். அந்தச் சந்திப்பு அவரைவிட்டு நீங்கவே இல்லை. 1952 முதல் அருணாசல மலைக் குகைகளில் பலமுறை மௌனத்தில் தங்கினார். 1955இல் திருக்கோவிலூர் ஞானானந்த கிரியைச் சந்தித்து அவரைக் குருவாக ஏற்றார். தேடுபவன், தேடப்படுபவன் என்ற வேறுபாடே இல்லை என்னும் அத்வைத அனுபவத்துக்கும், மகன் தந்தையை 'நீர்' என்று அழைக்கும் திரித்துவ நம்பிக்கைக்கும் நடுவில் அவர் பட்ட வேதனை அவருடைய நாட்குறிப்பின் பக்கங்களில் பதிந்திருக்கிறது. கிரேக்கத் தந்தையரில் ஊறிய மொன்ஷானேனோ காலம் செல்லச் செல்ல அத்வைதத்தையும் திரித்துவத்தையும் இணைக்க இயலுமா என்று ஐயுற்றார். நட்பு முறியவில்லை, ஆனால் இடைவெளி விரிந்தது. 1957 அக்டோபரில் மொன்ஷானேன் பாரிசில் இறந்தார்.

லெ சோ 1968இல் சாந்திவனத்தை விட்டு உத்தரகாசிக்கு அருகே கங்கைக் கரையிலுள்ள சிறு குடிலுக்கு நிரந்தரமாகச் சென்றார். ஆசிரமத்தை அதே ஆண்டில் வந்த துறவி பீட் கிரிஃபித்ஸ் ஏற்றுக்கொண்டார். எவாக்ரியுவின் கேள்வியை லெ சோவின் மீது வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது: மடத்தைவிட்டு ஆசிரமத்துக்கும், ஆசிரமத்தைவிட்டுக் குகைக்கும், குகையைவிட்டு இமயத்துக்கும் அவரை நகர்த்தியது நண்பகலின் பேயா, அல்லது மோசேயை மேலும் கேட்கத் தூண்டிய அதே விருப்பமா? வெளிக் கணக்கில் அவர் நிலைத்திருத்தல் வார்த்தைப்பாட்டின் எல்லையை இழுத்து நீட்டியவர்தான். அதே வேளையில், திருப்பலியையும் திருப்பாடல்களையும் அவர் நெடுங்காலம் தம்மோடு எடுத்துச் சென்றார். 1964இல் கங்கோத்ரியில் இறையியலாளர் ரைமோன் பணிக்கரோடு திருப்பலி நிறைவேற்றினார். மனம் பிளந்துகிடந்த ஆண்டுகளிலும் ஒரு பக்கத்தை வெட்டி எறிந்து நிம்மதி தேடிக்கொள்ள அவர் மறுத்ததை, இடத்தில் அல்லாமல் கேள்வியில் நிலைத்திருந்ததாகக் கொள்ளும் வாசிப்புக்கு இவை ஆதாரமாகின்றன.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேஷில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பு ஏற்பட்டுத் தெருவில் விழுந்தார் லெ சோ. அதன்பின் ஐந்து மாதங்கள் வாழ்ந்து, டிசம்பர் 7ஆம் நாள் இந்தூரில் இறந்தார். அந்த இடைப்பட்ட காலத்தில், சாவுக்கும் வாழ்வுக்கும் அப்பாற்பட்ட ஒரு விழிப்பு தமக்கு நேர்ந்ததாகவும், தேடியது கிடைத்துவிட்டதாகவும் அவர் எழுதினார். இடைக்கால ஐரோப்பியக் கதைகளில் வீரர்கள் தேடி அலையும் புனிதக் கிண்ணத்தின் உருவகத்தையே அதற்குப் பயன்படுத்தினார். அவரை அத்வைதியாக வாசிப்போர் இதைத் தேடலின் முடிவாகக் கொள்கின்றனர். கிரகோரியாரின் வழியில் வாசிப்போருக்கு இது பாறைப் பிளவில் மோசே நின்ற இடம். அங்கே கிடைத்தது எதுவாயினும் அது அடுத்த வேண்டுதலின் தொடக்கம். இவ்விரு வாசிப்புகளுக்கும் இடையே தீர்ப்பு வழங்கக்கூடிய சான்று லெ சோவின் எழுத்துகளில் இல்லை. மீண்டும் ஒரு நீண்ட நூல் எழுதும் உடல் வலிமை அந்த ஐந்து மாதங்களில் அவருக்கு இருக்கவில்லை.